இக்வர்த்திலிருந்து வெல்ஸ் வரை: ஒரு பிரபு வீட்டுப் பேராயரின் தடத்தில்

ஜூன் 11, புதன். பரி செயின்ட் எட்மண்ட்ஸ்

கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் பக்கம் ஜூன் மாதத்தில் வருகிறவர்களும் ஒரு கம்பளிச் சட்டையைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. வெயில் பளிச்சென்று அடிக்கிறது. நிழலில் கால் வைத்தால் வடகடல் காற்று எலும்பு வரை போகிறது. இங்கே புதனும் சனியும் சந்தை நாள். ஸ்ட்ராபெர்ரி பருவம் ஆதலால் ஒரு டப்பா மூன்று பவுண்டு, இரண்டாக எடுத்தால் ஐந்து. கடைக்காரர் வாங்கச் சொல்லி வற்புறுத்துவதில்லை. ஒரு பழத்தை எடுத்து நீட்டி, "சாப்பிட்டுப் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்கிறார். ஊருக்குள்ளேயே பீர் ஆலை இருக்கிறது. காற்று திரும்பும்போது பார்லி வேகும் மணம் தெருவெல்லாம் நிற்கிறது.

இந்தப் பயணம் ஒரு மனிதரைத் தேடி. லார்ட் ஆர்தர் ஹார்வி, 1808இல் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தில் பிறந்தவர். முதலாம் பிரிஸ்டல் மார்க்குவிஸின் (இது உயர்ந்த பிரபுப் பட்டங்களில் ஒன்று) நான்காவது மகன். ஈட்டன் பள்ளி, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி, 1832இல் குருப்பட்டம், 1862இல் சட்பரியின் ஆர்ச்டீக்கன் (பேராயருக்கு அடுத்த நிலையில் ஒரு வட்டாரத்தைக் கவனிப்பவர்), 1869இல் பாத் அண்ட் வெல்ஸ் திருமண்டலத்தின் (அதாவது டயோசீஸின்) பேராயர் (பிஷப்), 1894இல் மரணம். ஆங்கிலிக்கன் சபையில் பிரபு குடும்பத்துப் பிள்ளைகள் எப்படிப் பேராயர் ஆனார்கள், ஆன பிறகு என்ன செய்தார்கள் என்பதை ஒரே ஆளின் வாழ்க்கையில் பார்க்க வேண்டுமென்றால் இவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. ஏன் என்பது நாளை இக்வர்த் மாளிகையில் தெரியும்.

பரி ஊரில் அவர் பெயரோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய கட்டடம் ஏஞ்சல் ஹில் சதுக்கத்தில் உள்ள அதீனியம். நகரத்தாரின் நூலகம், சொற்பொழிவு மன்றம் எல்லாமாக இருந்த இடம். லார்ட் ஆர்தர் அதன் தலைவராக இருந்தார், அடிக்கடி பேசவும் செய்தார். 1855இல் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார்: இதுபோன்ற ஊர் மன்றங்களுக்குப் பல்கலைக்கழகங்களே முறைப்படி விரிவுரையாளர்களை அனுப்ப வேண்டும் என்பது அதில் உள்ள யோசனை. கேம்பிரிட்ஜ் அதைச் செயலில் தொடங்கியது 1873இல். பல்கலைக்கழகப் படிப்பு ஊர் ஊராகப் போக வேண்டும் என்று ஒரு கிராமத்துக் குருவானவர் பதினெட்டு ஆண்டு முன்பே எழுதியிருக்கிறார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை முதலில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கடைசியில்கூடச் சொல்வதில்லை.

ஜூன் 12, வியாழன். இக்வர்த், ஹாரிஞ்சர்

இக்வர்த் தோட்டம் பரியிலிருந்து மூன்று மைல். கிராமப்புறப் பேருந்து, மணிக்கு ஒன்று என்று நம்பிப் போகக்கூடாது. திரும்பும் வண்டியின் நேரத்தை இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 2025இல் பெரும்பாலான உள்ளூர்ப் பேருந்துகளில் ஒருவழிக் கட்டணம் மூன்று பவுண்டைத் தாண்டவில்லை. ஹாரிஞ்சர் கிராமத்தில் இறங்கினால் பூங்காவின் வாசல். அங்கிருந்து மாளிகைக்குப் புல்வெளி நடுவே நல்ல நடை இருக்கிறது. ஆடுகள் பாதையிலேயே படுத்திருக்கும், செருப்பு உதவாது.

மாளிகை நடுவில் முட்டை வடிவக் கட்டடம், மேலே குவிமாடம், இரண்டு பக்கமும் வளைந்த நடைகூடங்கள், அவற்றின் முனையில் இரு சிறகுகள். கட்டத் தொடங்கியவர் லார்ட் ஆர்தரின் தாத்தா. அவரும் ஒரு பேராயர்! நான்காம் பிரிஸ்டல் ஏர்ல் பிரெடரிக் ஹார்வி, 1768 முதல் அயர்லாந்தில் டெர்ரியின் பேராயர். அந்தப் பதவியின் வருமானம் அவர் காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 பவுண்டு வரை வளர்ந்ததாகச் சொல்வார்கள். அதை வைத்து மாளிகைகள் கட்டினார், ஐரோப்பா முழுக்கச் சுற்றினார், சிலைகளும் ஓவியங்களும் வாங்கினார். 1791இல் அயர்லாந்தைவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு 1803இல் இத்தாலியில் அல்பானோவுக்கும் ரோமுக்கும் நடுவே சாலையில் இறந்தபோதும் அவர்தான் டெர்ரியின் பேராயர், பதவி பறிக்கப்படவில்லை. பறிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத காலம் அது.

அவருக்கு நியாயமும் செய்ய வேண்டும். பூங்காவில் ஒரு கல்தூண் நிற்கிறது. டெர்ரி மக்கள் பணம் சேர்த்து எழுப்பியது. அங்கிருந்த கத்தோலிக்க ஆயரும் ஆங்கிலிக்கன் சபையில் சேராத புராட்டஸ்டன்ட் போதகரும் நன்கொடை கொடுத்தவர்களில் உண்டு என்பதை அதன் கல்வெட்டே சொல்கிறது. கத்தோலிக்கர்களுக்கு உரிமை மறுக்கப்பட்ட நாட்டில் அவர்கள் பக்கம் பேசிய ஆங்கிலிக்கன் பேராயர் அவர். தூண் சற்று ஒதுக்குப்புறமாக இருப்பதால் பலர் பார்க்காமலே போகிறார்கள். வரவேற்பில் வரைபடம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

உள்ளே நுழைந்ததும் பிளாக்ஸ்மன் செதுக்கிய பெரிய பளிங்குச் சிற்பம். கிரேக்கப் புராணத்து அரசன் அதமாஸ் வெறிபிடித்துத் தன் குழந்தையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஓங்கும் காட்சி. பேராயர் ரோமில் சொல்லிச் செய்தது. பிரெஞ்சுப் படை 1798இல் அவருடைய சேகரிப்பைக் கைப்பற்றியபோது இதுவும் போயிற்று. பின்னாளில் மகன், அதாவது நம் லார்ட் ஆர்தரின் அப்பா, விலை கொடுத்து மீட்டார். அறையில் நின்ற தன்னார்வலர் அம்மா குனிந்து பார்க்கச் சொன்னார்: குழந்தையின் விரல்கள் அத்தனையும் விரிந்திருக்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

மதியம் மேற்குச் சிறகில் உள்ள உணவகத்தில் சூப்பும் ரொட்டியும், எட்டு பவுண்டுக்குச் சற்று மேல். கூட்டம் ஒரு மணிக்கு. பன்னிரண்டுக்கே உட்கார்ந்துவிடுவது நல்லது.

இனி முக்கியமான இடம். பூங்காவிலேயே இருக்கிறது செயின்ட் மேரி ஆலயம். சுற்றிலும் வீடே இல்லை. கிராமம் எப்போதோ மறைந்துவிட்டது. 1832இல் குருப்பட்டம் பெற்றதும் லார்ட் ஆர்தர் இந்த இக்வர்த்துக்கும் பக்கத்துச் செட்பராவுக்கும் குருவானவர் ஆனார். நியமித்தவர் அப்பா. இது அன்று யாரும் மறைத்த விஷயமல்ல. ஒரு சபைக்குக் குருவை முன்மொழியும் உரிமை நிலம்போல ஒரு சொத்து; விற்கலாம், வாங்கலாம், பிள்ளைக்கு விடலாம். பட்டமும் நிலமும் மூத்த மகனுக்கு மட்டும். மற்றவர்களுக்குப் படை, கடற்படை, வழக்குமன்றம், திருச்சபை. அப்பா கையில் சபை இருந்தால் நான்காவது மகனுக்கு இருபத்து நான்கு வயதிலேயே வீடும் வருமானமும் அமைந்துவிடும்.

பதவியேற்பு எப்படி நடக்கும் என்பதை இந்த ஆலயக் கதவின் முன் நின்று யோசிக்கலாம். உரிமையாளர் பெயரை எழுதிப் பேராயருக்கு அனுப்புவார். பேராயர் ஆளைச் சோதித்து ஆத்தும விசாரணைப் பொறுப்பை, அதாவது சபையாரின் ஆன்மிக நலனைக் கவனிக்கும் பொறுப்பை, ஒப்படைப்பார். பிறகு ஆர்ச்டீக்கன், அல்லது அவர் அனுப்பிய ஆள், புதியவரின் கையைப் பிடித்துக் கதவின் சாவிமேல் வைப்பார். உள்ளே போய் அவர் மணியடிக்க வேண்டும். எத்தனை அடிக்கிறாரோ அத்தனை ஆண்டு இருப்பார் என்று ஊரார் எண்ணுவார்கள். இரண்டு மாதத்துக்குள் சபையார் முன்னிலையில் ஆங்கிலிக்கன் சபையின் 39 விசுவாச விதிகளையும் முழுக்க வாசித்து ஒப்புக்கொள்ள வேண்டும். தவறினால் பதவி செல்லாது.

வருமானத்தின் பெரும்பகுதி தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு. 1836ஆம் ஆண்டுச் சட்டம் தானியமாகக் கொடுத்ததைப் பணமாக்கியது. கோதுமை, பார்லி, ஓட்ஸ் மூன்றின் ஏழாண்டுச் சராசரி விலையோடு அது ஏறி இறங்கும். 1870களுக்குப் பிறகு அமெரிக்கக் கோதுமை வந்து விலை விழுந்தது. தொடக்கத்தில் 100 பவுண்டு கிடைத்த இடத்தில் நூற்றாண்டின் முடிவில் 70கூட இல்லை. சஃபோக் போன்ற கோதுமைச் சீமையில் குருக்களின் வீடுகள் வறண்டது இதனால்தான்.

ஜூன் 13, வெள்ளி. வெஸ்ட்மின்ஸ்டர் வழியாக வெல்ஸ்

லண்டனில் இறங்கி வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கு நேராகப் போனேன். 1869 டிசம்பர் 21 அன்று இங்கேதான் லார்ட் ஆர்தர் பேராயராக அபிஷேகம் பெற்றார். சர்ச்சை நிறைந்த நாள் அது. அன்றே அபிஷேகம் பெற்ற பிரெடரிக் டெம்பிள், வேதத்தை ஆராய்ச்சி நோக்கில் அணுகிய ஒரு கட்டுரைத் தொகுப்பில் எழுதியவர். அவர் எக்சிட்டருக்குப் பேராயராகக் கூடாது என்று எதிர்ப்பு மனுக்கள் வந்தன. மூன்றாமவர் ஸ்டிர்லிங், ஃபாக்லாந்து தீவுகளின் முதல் பேராயர். கல்விமான், மிஷனரி, மார்க்குவிஸின் மகன்: மூவரும் ஒரே வரிசையில்.

அன்று பேராயரைத் தேர்ந்தெடுத்தது பிரதமர். அப்போது கிளாட்ஸ்டன். அவர் பெயர் சொல்ல, அரசி பேராலயத்தின் டீனுக்கும் (தலைமைக் குரு) சாப்டருக்கும் (அவரோடு சேர்ந்த குருக்கள் குழு) 'தேர்ந்தெடுக்கலாம்' என்று அனுமதி அனுப்புவார். கூடவே போகும் இன்னொரு கடிதத்தில் தேர்ந்தெடுக்க வேண்டியவரின் பெயரும் இருக்கும். வேறு பெயரைத் தேர்ந்தால் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டத்தின் தண்டனை. அதன் பிறகு தேர்தல் உறுதிப்பாடு, அபிஷேகம், அரசிக்கு மண்டியிட்டு விசுவாசப் பிரமாணம், கடைசியில் சொந்தப் பேராலயத்தில் ஆசனம் ஏற்பது. சபை தேர்ந்தெடுக்கிறது என்ற வடிவத்தை வைத்துக்கொண்டு முடிவை அரசு செய்தது. மனதுக்கு ஒவ்வாத ஏற்பாடுதான். ஆனால் கிளாட்ஸ்டன் கையில் அது நல்ல பேராயர்களைக் கொடுத்தது.

வெஸ்ட்மின்ஸ்டர் லார்ட் ஆர்தருக்கு இன்னொரு வகையிலும் முக்கியம். 1870இல் ஆங்கில வேதாகமத்தைத் திருத்தக் குழுக்கள் அமைந்தபோது பழைய ஏற்பாட்டுக் குழுவில் அவர் இருந்தார். அந்தக் குழு 85 அமர்வுகளில் 792 நாள் வேலை செய்தது. ஓர் அமர்வு பெரும்பாலும் பத்து நாள், நாளுக்கு ஆறு மணி நேரம். முதல் சுற்றில் பெரும்பான்மை வாக்குப் போதும். இரண்டாம் சுற்றில் பழைய பாடத்தை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இந்தக் கடுமையால்தான் துணிச்சலான மாற்றங்கள் பலவும் ஓரக் குறிப்புக்குப் போய்விட்டன. 1884 ஜூன் 20இல் வேலை முடிந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு பேராயர், திருமண்டலப் பொறுப்போடு இதையும் சுமந்தார் என்பதைத் தாத்தாவின் இத்தாலிப் பயணங்களோடு வைத்துப் பாருங்கள்.

அபேயை விட்டு வெளியே வந்தபோது இடியோடு மழை. ரயில் நாற்பது நிமிடம் தாமதம். பாத் நகரில் வெல்ஸ் பேருந்து போய்விட்டிருந்தது. வெல்ஸுக்கு ரயிலே கிடையாது. இத்தனைக்கும் 1859, 1862, 1870 என்று மூன்று தனித்தனி நிலையங்கள் வந்த ஊர். 1963இல் பயணிகள் சேவை முற்றும் நின்றுபோயிற்று. பாத்திலிருந்து மெண்டிப் மலையேறி ஒன்றேகால் மணி நேரப் பேருந்துப் பயணம், கட்டணம் மூன்று பவுண்டு. மாலையில் வண்டிகள் இடைவெளிவிட்டு வருவதால் லண்டனிலிருந்து பிற்பகல் இரண்டுக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். நிறுத்தத்தில் நின்ற ஒரு முதியவர் குடையைப் பாதி என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டே அடுத்த வண்டி வரும்வரை நின்றார். அதிகம் பேசவில்லை.

ஜூன் 14, சனி. வெல்ஸ், பேராயர் மாளிகை

மழை கழுவிவிட்ட காலை. ஹை ஸ்ட்ரீட் ஓரத்தில் கல் வாய்க்காலில் தெளிந்த நீர் ஓடுகிறது. 1451இல் பேராயர் பெக்கிண்டன் மாளிகையின் ஊற்றிலிருந்து ஊராருக்கு விட்ட நீர், இன்றும் நிற்கவில்லை. சந்தையில் ஒரு கட்டி செடார் சீஸ் ஐந்து பவுண்டு. ஓராண்டு பழுத்ததையும் இரண்டாண்டு பழுத்ததையும் கேட்டு வாங்கி ருசித்துப் பாருங்கள். பின்னதில் பல்லில் உப்புப்போல் ஒரு மணல் படும், அதுதான் நல்லது.

மாளிகையைச் சுற்றி அகழி, மதில், தூக்குப்பாலம் இருந்த வாயில். பதினான்காம் நூற்றாண்டில் பேராயர் ரால்ப் கட்டியவை. வாயில் கட்டடத்தின் சன்னலில் ஒரு மணி, அதிலிருந்து நீர்மட்டத்துக்கு ஒரு கயிறு. அன்னம் நீந்தி வந்து கயிற்றைக் கவ்வி இழுக்கிறது. மேலே மணி அடிக்கிறது. சன்னல் வழியே தீனி விழுகிறது. 1850களில் பேராயர் ஆக்லண்டின் மகள் பழக்கியது என்பார்கள். ரொட்டி போடாதீர்கள், அன்னத்துக்கு ஆகாது.

ஆக்லண்ட் என்ற பெயரைக் கவனியுங்கள். உள்ளே பேராயர்களின் படங்கள் தொங்கும் நீண்ட கூடத்தில் நின்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முழுக் கதையும் ஒரே சுவரில் கிடைக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன். ஜார்ஜ் ஹென்றி லா, 1824 முதல் 1845 வரை: தலைமை நீதிபதி எலன்பரோ பிரபுவின் தம்பி. ரிச்சர்ட் பேகட், 1845 முதல் 1854 வரை: முதலாம் பேகட் பிரபுவின் மகன். ராபர்ட் ஈடன், 1854 முதல் 1869 வரை: மூன்றாம் ஆக்லண்ட் பிரபுவே அவர்தான். பிறகு நம் லார்ட் ஆர்தர், 1894 வரை. எழுபது ஆண்டு இந்த மாளிகையில் பிரபு வீட்டார் தவிர வேறு யாரும் குடியிருக்கவில்லை.

உறவுகளையும் பாருங்கள். ராபர்ட் ஈடனின் அண்ணன் ஜார்ஜ், 1836 முதல் 1842 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரல். ஆப்கான் போரில் ஒரு படையையே பறிகொடுத்தவர். கல்கத்தாவின் ஈடன் தோட்டம் இந்தக் குடும்பத்துச் சகோதரிகளின் பெயரில்தான். ஜார்ஜின் இடத்துக்கு இந்தியா வந்தவர் எலன்பரோ. அவர் பேராயர் லாவின் அண்ணன் மகன். பேராயர் பேகட்டின் சகோதரர் சர் சார்ல்ஸ், அதே 1842இல் கனடாவின் கவர்னர் ஜெனரல். சாமர்செட்டில் இந்த அகழியைப் பார்த்த பேராயர்களின் சொந்தக்காரர்கள் கல்கத்தாவிலிருந்தும், கனடாவின் அன்றைய தலைநகர் கிங்ஸ்டனிலிருந்தும் ஆட்சி செய்தார்கள். பிரிட்டிஷ் அரசு என்பது எத்தனை சில வீடுகளின் கையில் இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

மாளிகையின் கட்டடத்திலேயே ரசனை வேறுபாடு தெரிகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பெருமண்டபம் கூரை இழந்து நிற்கிறது. பேராயர் லா அதன் சுவர்களில் சிலவற்றை இடித்து, பார்வைக்கு அழகான இடிபாடாக மாற்றினார். அந்தக் காலத்து மோகம். பேகட், பெஞ்சமின் பெர்ரி என்ற கட்டடக் கலைஞரை வைத்து முதன்மைக் கட்டடத்துக்கு மேல்மாடி ஏற்றினார்.

பணம் எங்கிருந்து? 1836க்கு முன்பு திருமண்டலங்களின் வருமானத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு: டர்ஹமுக்கு ஆண்டுக்கு 19,000 பவுண்டு அளவில், லாண்டாஃபுக்கு 1,000கூட இல்லை. ஏழைத் திருமண்டலத்துப் பேராயர் கூடவே வேறு பதவியும் வைத்துக்கொண்டார். பேகட் ஆக்ஸ்ஃபர்டின் பேராயராக இருந்துகொண்டே கேன்டர்பரியின் டீனாகவும் இருந்தார். திருச்சபை ஆணையம் வந்து சமன்செய்தபோது பாத் அண்ட் வெல்ஸுக்கு 5,000 பவுண்டு என்று நிலைத்தது. பெரிய தொகைதான். ஆனால் மாளிகைப் பராமரிப்பு, அகழி தூர்வாருதல், குதிரைகள், வேலையாட்கள், ஏழைச் சபைகளுக்கு நன்கொடை, பாராளுமன்றக் காலத்தில் லண்டன் வாசம் எல்லாம் அதற்குள். சொந்தச் சொத்து இல்லாத பேராயர்கள் கடனில் விழுந்ததற்கு இதுவே காரணம். பிரபு வீட்டாரை நியமிப்பது வசதி என்று பிரதமர்கள் நினைத்ததற்கும் இது ஒரு காரணம்.

ஜூன் 15, ஞாயிறு. பேராலயமும் திருமண்டலமும்

காலை ஆராதனைக்குப் பேராலயம். சிலுவை வடிவக் கட்டடத்தின் வடக்குக் கரத்தில் பதினான்காம் நூற்றாண்டுக் கடிகாரம். கால் மணிக்கொரு முறை குதிரை வீரர்கள் சுற்றி வந்து மோதுகிறார்கள், ஒருவன் சாய்கிறான். நடுவே கத்தரிபோல் பின்னிய கல் வளைவுகள் 1338இல் தொடங்கிக் கட்டியவை. கோபுரம் சாயத் தொடங்கியதால் முட்டுக்கொடுத்தது. இருக்கை காட்டிய பெண்மணி சால்வையையும் நீட்டினார், உள்ளே அவ்வளவு குளிர். பேராலயத்தை ஒட்டிய உள்முற்றக் கல்லறைத் தோட்டத்தில் பேராயர் ஆக்லண்ட் புதைக்கப்பட்டிருக்கிறார்.

இந்தப் பேராயர்களின் ஆண்டு எப்படிக் கழிந்தது? ஏறத்தாழ சாமர்செட் மாவட்டம் முழுதும் ஒரே திருமண்டலம். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளைப் பேராயர் கைவைத்து விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் ஆராதனை பழைய நாளில் மூன்றாண்டுக்கு ஒரு தடவை, பெரிய ஊரில், நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வண்டிகளில் ஏற்றி வந்து நடத்துவது. கூட்டமும் கூச்சலும் மிஞ்சும். ரயில் வந்த பிறகு பேராயர் சிறிய சபைகளுக்கே போக முடிந்தது. பிள்ளைகளின் தலைமேல் ஒவ்வொருவராகக் கை வைக்க முடிந்தது. எம்பர் வாரங்களில் (ஆண்டுக்கு நான்கு முறை வரும் உபவாச வாரங்கள்) குருப்பட்டத்துக்கு நிற்கும் இளைஞர்களுக்கு கிரேக்கப் புதிய ஏற்பாடும் வேதசாஸ்திரமும் தேர்வு, ஞாயிறன்று பட்டம். மூன்றாண்டுக்கொரு முறை விசாரணைச் சுற்று: குருக்களையும் சபைக் கண்காணிப்பாளர்களையும் கூட்டி, கேள்விப் பத்திரங்களை வாங்கி, நீண்ட உரை நிகழ்த்தி, அதை அச்சிட்டு வழங்குவது. முழங்காலுக்குக் கீழே பொத்தான் வைத்த கெய்ட்டர்களும் குட்டையான கறுப்பு முன்னாடையும் குதிரைமேல் போனவர்களின் உடை. ரயிலேறிய பிறகும் பேராயர்கள் விடவில்லை.

தலைவலியும் குறைவில்லை. டான்டனின் ஆர்ச்டீக்கன் டெனிசன், ஈஸ்ட் பிரென்ட் கிராமத்தின் குருவானவர், திருவிருந்தில் கிறிஸ்துவின் பிரசன்னம் பற்றிப் பிரசங்கித்ததற்காக 1854 முதல் 1858 வரை நீதிமன்றம் இழுக்கப்பட்டார். பேகட் வழக்கைத் தடுக்கப் பார்த்தார். முடிவில் சட்ட நுணுக்கத்தில் டெனிசன் தப்பினார். அவர் 1896 வரை அசையாமல் ஆர்ச்டீக்கனாக இருந்தார்; லார்ட் ஆர்தரின் கால் நூற்றாண்டு முழுக்க அவரோடுதான். ஆனால் 1857இல் ஈஸ்ட் பிரென்டில் அறுப்பின் விருந்தை ஊர்கூடி உண்ணும் திருநாளாக நடத்தத் தொடங்கியவரும் அதே டெனிசன். இன்று மதியம் வெல்ஸ் விடுதியில் மாட்டிறைச்சி வறுவலும் யார்க்ஷயர் புட்டிங்கும் பதினெட்டு பவுண்டுக்குச் சாப்பிடும்போது பக்கத்து மேசைக்காரர் ஈஸ்ட் பிரென்ட் விருந்தின் மிக நீளமான ரொட்டியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

லார்ட் ஆர்தர் 1894 ஜூன் 9இல் ஹாம்ப்ஷயரில் மருமகன் வீட்டில் இறந்தார். உடல் வெல்ஸுக்கு வந்தது. ஓய்வு பெறும் சட்டம் 1869இலேயே வந்திருந்தது, ஆக்லண்ட் விலகியதும் அந்த ஆண்டில்தான். இவரோ எண்பத்தைந்து வயதிலும் பதவியில் இருந்தார். என் கணக்கில் அது அவருடைய குறை. அடுத்து வந்த கென்னியன் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பேராயராக இருந்தவர். வேலை பார்த்துப் பழகிய ஆளைக் கடல் கடந்து அழைத்து வரும் காலம் தொடங்கிவிட்டது.

வெட்மோருக்கும் போக விரும்புகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமையில் பேருந்தை நம்ப வேண்டாம், வாரநாளில் போங்கள். லார்ட் ஆர்தரின் மகன் சிடன்ஹாம் ஹார்வி அங்கே குருவானவராக இருந்தார், தந்தையின் திருமண்டலத்திலேயே. சலுகை என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சபையின் பழைய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைப் படித்துப் படியெடுத்து அச்சேற்றியவர் அவர். மூலப் பதிவேடுகளைப் பார்க்க டான்டனில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். பென்சில் மட்டும்தான் அனுமதி, பேனா கூடாது.